சைன்-ஆஃப் ஆன பிறகு குத்துங்கள்: கடலோடிகளும் பச்சையும்

கப்பலில் வேலை பார்ப்பவர்கள் பச்சை குத்திக்கொள்ளலாமா? அதுவும் நங்கூரம், தகைவிலான் குருவி, பாய்மரக் கப்பல் என்று மாலுமிகளுக்கே உரிய அந்தப் பழைய அடையாளங்களை? கூடவே கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் பெரியவர்கள் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஆசை இருந்தால் குத்திக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். ஆனால் பயணம் முடிந்து சைன்-ஆஃப் ஆன பிறகு, அதாவது ஒப்பந்தம் முடிந்து கப்பலைவிட்டு இறங்கிய பிறகு குத்துங்கள். சைன்-ஆன் ஆகி அடுத்த கப்பல் ஏறப் போகிற நேரத்தில் வேண்டாம். பழைய மரபு கேட்பதும் இதைத்தான், உடம்பு கேட்பதும் இதைத்தான்.

தாத்தா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்துபவராக இருந்தவர். நான் டெக்கில் கடைநிலை மாலுமியான ஓஎஸ் ஆகச் சேர்ந்து, தேர்ந்த மாலுமியான ஏபி ஆகி, சரக்குக் கப்பல்களிலும் எண்ணெய்க் கப்பல்களிலும் டெக் மாலுமிகளின் தலைவனான போசனாக நெடுங்காலம் ஓடிவிட்டு, இப்போது சிங்கப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறேன். மரினா சவுத் பியரிலிருந்து நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் லாஞ்ச் படகில் வேலை. அதனால் கப்பல் ஏறப் போகிறவர்களையும் இறங்கி வருகிறவர்களையும் தினமும் பார்க்கிறேன். முன்கையில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, அதன் உள்ளே மையும் நீரும் கசிந்துகொண்டிருக்க, மறு கையால் கப்பல் ஏணியைப் பிடித்து ஏறும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. அவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. எழுத உட்கார்ந்தது அவர்களுக்காகத்தான்.

முதலில் மரபைச் சொல்லிவிடுகிறேன். கேப்டன் குக்கின் கப்பல் 1769-இல் தாஹித்தித் தீவுக்குப் போனபோது அங்கே பச்சை குத்தும் வழக்கத்தைப் பார்த்த மாலுமிகள் தாங்களும் குத்திக்கொண்டு திரும்பினார்கள். ஐரோப்பிய மாலுமிகளிடம் அதற்கு முன்பே பச்சை இருந்தது. ஜெருசலேம் யாத்திரை போனவர்கள் சிலுவை குத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆனால் பசிபிக் பயணங்களுக்குப் பிறகுதான் அது கடலோடிகளின் அடையாளம் என்று ஊர் உலகம் பேச ஆரம்பித்தது. அமெரிக்க மாலுமிகளைப் பிரிட்டிஷ் கடற்படை வலுக்கட்டாயமாகப் பிடித்துக்கொண்டுபோன காலத்தில், 1796-இலிருந்து அவர்களுக்குக் குடியுரிமைச் சான்றிதழ் கொடுக்கப்பட்டது. புகைப்படம் இல்லாத காலம். உயரம், கண்ணின் நிறம், தழும்பு இவற்றோடு கையில் இருந்த பச்சையையும் அந்தத் தாளில் எழுதினார்கள். கடலில் விழுந்து பல நாள் கழித்துக் கரை ஒதுங்கும் உடலையும் பச்சையை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். ஆக, அழகு என்பது இதில் பிறகு வந்த விஷயம். இவன் யார், எங்கே போய் வந்தான், என்ன வேலை தெரியும் என்பதைத் தோலிலேயே எழுதி வைத்த சர்வீஸ் புத்தகம் அது. செய்யாத சர்வீஸை, கடலோடியின் பதிவேடான நம் சிடிசியில் பதிய முடியுமா? அதே நியாயம்தான் இங்கேயும்.

இப்போது அந்தப் பதிவுகளின் கணக்கைப் பார்ப்போம். தகைவிலான் ஒன்று என்றால் 5,000 கடல் மைல் ஓடியவர். இரண்டு என்றால் 10,000. பாய்மரக் காலத்தில் இது மாதக்கணக்கான வாழ்க்கை. காற்று நின்றால் கப்பல் நிற்கும்; குடிதண்ணீர் நாறும்; கூட வந்தவர்களில் சிலர் திரும்பியே வர மாட்டார்கள். இன்று 18 நாட், அதாவது மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் ஓடும் கன்டெய்னர் கப்பல் ஒரு நாளில் 430 மைலுக்கு மேல் போகிறது. 5,000 மைல் என்பது பன்னிரண்டு நாள்கூட இல்லை. சிங்கப்பூரிலிருந்து சூயஸ் வழியாக ராட்டர்டாம் போய்ச் சேர்ந்தாலே ஒரு குருவியைத் தாண்டி இரண்டாவது குருவியில் பாதிக்கு மேல் வந்துவிடும். எனவே மைலை எண்ணிக் குருவி குத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. என்னோடு வந்த ஓஎஸ் பையன்களிடம் வேறு கணக்குச் சொல்வேன்: முதல் ஒப்பந்தத்தை முழுசாக முடித்து, நல்ல ரிப்போர்ட்டோடு இறங்கினால் முதல் குருவி. முதல் முறை மட்டும் அல்ல, மறுபடியும் தானே விரும்பிக் கடலுக்குப் போய்த் திரும்பினால் இரண்டாவது. தகைவிலான் வலசை போனாலும் கூட்டுக்குத் திரும்பி வரும் பறவை. அதனால்தான் மாலுமிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வீடு திரும்பிய பிறகு குத்தினால்தான் அந்தப் பறவைக்குப் பொருள்.

ஆமையின் கதை சிங்கப்பூர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. பூமத்திய ரேகையைக் கடந்தவர் ஆமை குத்திக்கொள்ளலாம் என்பது வழக்கு. கடக்கும் நாளில் கப்பலில் ஒருவர் கடலரசன் நெப்டியூன் வேடம் போட்டுக்கொண்டு, முதல் தடவை கடப்பவர்களைக் கூப்பிட்டு விசாரித்து, கண்டதையும் பூசிக் குளிப்பாட்டுவார். இங்கிலாந்திலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ புறப்படுபவருக்கு அந்த ரேகை வெகு தூரம். நமக்கு? சிங்கப்பூர் இருப்பதே ரேகைக்கு ஒரு பாகை சொச்சம் வடக்கில். நேர்கோட்டில் பார்த்தால் சுமார் 75 கடல் மைலில் முடிந்துவிடும் தூரம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நங்கூரம் தூக்கி ஜகார்த்தா பக்கம் திரும்பினால், தூங்கி எழுவதற்குள் தென்பாதிக்குப் போய்விடலாம். அதற்காக இங்கிருந்து போகிறவர்களின் ஆமைக்கு மதிப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தச் சடங்கு நடந்த கப்பலில் நீங்கள் இருந்தீர்களா, உங்கள் பெயர் எழுதிய சான்றிதழில் கேப்டன் கையெழுத்துப் போட்டாரா என்பதுதான் கேள்வி. போசனாக இருந்த கப்பல்களில் கேப்டனிடம் நானே போய்க் கேட்டு இந்தச் சடங்கை நடத்தியிருக்கிறேன். புதுப் பையன்களுக்கு வீட்டு நினைப்பு தாங்க முடியாமல் வரும் வாரம் அது. எல்லாரும் கூடிச் சிரிக்கும் அந்த ஒரு மத்தியானம் அவர்களைத் தேற்றிவிடும். ஆனால் யாரையும் அவமானப்படுத்தும் விளையாட்டை நான் அனுமதித்ததில்லை. வேண்டாம் என்று ஒருவன் சொன்னால் அதோடு விட வேண்டும்.

முழுப் பாய்மரக் கப்பல் படத்தைப் பற்றி ஒரு குழப்பம் சமீப காலமாக அதிகமாகியிருக்கிறது. அது தென் அமெரிக்காவின் அடிமுனையில், 56 பாகை தென் அட்சத்தில் இருக்கும் ஹார்ன் முனையைச் சுற்றி வந்தவர்களுக்கு உரியது. 1914-இல் பனாமா கால்வாய் திறந்த பிறகு அந்த வழியாகப் போகும் தேவையே பெரும்பாலும் போய்விட்டது. 2023-ஆம் ஆண்டு இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட ஆரம்பித்ததிலிருந்து ஐரோப்பா போகும் கப்பல்கள் பல ஆப்பிரிக்காவைச் சுற்றுகின்றன. அப்படிச் சுற்றி வந்த பையன்கள் “முனையைச் சுற்றிவிட்டேன் அண்ணே, பாய்மரக் கப்பல் குத்தலாம் அல்லவா?” என்று லாஞ்சில் கேட்கிறார்கள். அவர்கள் சுற்றியது நன்னம்பிக்கை முனை. அதுவும் குளிர்காலத்தில் பயங்கரமான கடல்தான்; அகுல்ஹாஸ் நீரோட்டத்துக்கு எதிராக அலை எழும்பும்போது பெரிய கப்பலே முதுகு முறிவதுபோல் உதறும். அதை நினைவு வைத்துக்கொள்ள விரும்பினால் அந்த முனையின் கலங்கரை விளக்கத்தைக் குத்திக்கொள்ளுங்கள். ஹார்ன் முனைக்காரர்களின் அடையாளத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தூரத்தைச் சொல்லும் படங்களைவிட வேலையைச் சொல்லும் படங்களே எனக்குப் பிடித்தவை. மணிக்கட்டைச் சுற்றிய கயிறு, டெக்கில் கயிற்றோடு பழகியவனுக்கு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் குறுக்காக வைத்த இரண்டு நங்கூரங்கள், போசன் வேலை பார்த்தவனுக்கு. தனி நங்கூரம் அட்லாண்டிக்கைக் கடந்தவனுக்கு. மைலைக் கப்பல் ஓடிக் கொடுத்துவிடும். இரண்டு கயிறுகளின் புரிகளைப் பின்னி இணைக்கத் தெரிவதும், கயிறு இழுக்கும் விஞ்ச் இயந்திரத்தில் இழுவை ஏறும்போது எங்கே நிற்கக் கூடாது என்று தெரிவதும் அப்படி வருவதில்லை. என் மேல்கையில் இருப்பது அந்தக் குறுக்கு நங்கூரங்கள்தான். போசனாகிப் பல ஒப்பந்தங்கள் முடிந்த பிறகு, விடுமுறையில் வீட்டில் இருந்தபோது குத்திக்கொண்டேன். கைவிரல் இடுக்கில் குத்தவில்லை. அந்த இடத்துத் தோல் தேயத் தேயப் புதிதாக வளர்வது. கயிறும் கையுறையும் டீசலும் படும் இடம் வேறு. சில வருடங்களில் நங்கூரம் நீலக் கறையாகிவிடும்.

காப்புக்காகக் குத்தும் படங்களும் உண்டு. ஒரு காலில் பன்றி, மறு காலில் சேவல். கப்பல் மூழ்கும்போது அவற்றை அடைத்திருந்த மரக்கூண்டுகள் மிதந்து கரை சேர்ந்ததால், அவை இருந்தால் மாலுமி மூழ்க மாட்டான் என்ற நம்பிக்கை. எட்டு விரல் முட்டிகளிலும் ‘ஹோல்ட் ஃபாஸ்ட்’ என்று எட்டு எழுத்துகள், பாய்மரத்தின் உச்சியில் பிடி நழுவாமல் இருக்க. வழி தவறாமல் வீடு திரும்ப ஐந்து முனை நட்சத்திரம் அல்லது திசைகாட்டி. இவை பயணத்துக்கு முன்பு குத்த வேண்டியவை ஆயிற்றே, உங்கள் விதி என்ன ஆகும் என்று கேட்கலாம். இவை வேண்டுதல்கள். வேண்டுதலுக்கு நம்மிடம் வேறு வழிகள் இருக்கின்றன. கப்பல் ஏறும் முன் பனிமய மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள், கையில் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்கிறவர்கள், பர்ஸில் விபூதிப் பொட்டலம் வைத்துக்கொள்கிறவர்கள் எல்லாருடனும் நான் ஓடியிருக்கிறேன். அதில் ஒன்றும் புண்ணாகாது. பன்றியும் சேவலும் வேண்டும் என்றே மனம் கேட்டால், ஒரு பயணம் பத்திரமாகத் திரும்பி வந்து நன்றியாகக் குத்திக்கொள்ளுங்கள். அடுத்த பயணத்துக்கு அது காப்பாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். பன்றி, சேவலுக்குப் பதிலாக நம் சாமியைக் காலில் குத்துகிறேன் என்று கிளம்ப வேண்டாம். சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை வெற்றுடம்போடு காவடி எடுத்து நடப்பவர்களைப் பாருங்கள். வேலும் மயிலும் முருகனும் தோளிலும் முதுகிலும்தான் இருக்கும். இடுப்புக்குக் கீழே தெய்வ உருவம் வைத்தால் வீட்டிலும் மனம் வருந்தும், துறைமுகத்திலும் தொல்லை வரும். கையில் புத்தர் உருவம் இருந்ததற்காகவே 2014-இல் இலங்கை விமான நிலையத்தில் ஒரு பிரிட்டிஷ் பயணியைப் பிடித்து நாடு கடத்தினார்கள். கொழும்பில் கரைக்கு இறங்கப் போகிறவர்கள் மறக்கக் கூடாத செய்தி அது.

இனி உடம்பு. ஒரு எண்ணெய்க் கப்பலில் ராமநாதபுரத்துப் பையன் ஒருவன் ஏபி ஆக என்னோடு இருந்தான். வேலைக்காரன். எரிபொருள் நிரப்ப சிங்கப்பூரில் நின்றோம். உலகத்திலேயே அதிகமாகக் கப்பல் எரிபொருள் விற்கும் துறைமுகம் இது. பல கப்பல்கள் வருவதே எண்ணெய்க்கும் சாமானுக்கும் ஆள் மாற்றுவதற்கும்தான். கரைக்குப் போகக் கிடைப்பது சில மணி நேரம். அந்தச் சில மணி நேரத்தில் அவன் முன்கையில் மூன்று பாய்மரத்தோடு ஒரு கப்பலைக் குத்திக்கொண்டு திரும்பியிருந்தான். மறுநாள் வளைகுடாவை நோக்கிப் புறப்பட்டோம். வழியில் டேங்க் கழுவும் வேலை. பாய்லர் சூட் என்கிற முழு உடல் வேலையுடையின் கையை மணிக்கட்டு வரை பொத்தானிட்டு, குழாயைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நாள் முழுக்க நின்றான். மூன்றாம் நாள் மாலை அவன் குழாயை வலது கைக்கு மாற்றி மாற்றிப் பிடிப்பதைப் பார்த்துக் கூப்பிட்டேன். “ஒன்றுமில்லை அண்ணே, லேசாக எரிகிறது” என்றான். சட்டையை மடிக்கச் சொன்னேன். துணி ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் ஊற்றி நனைத்து மெல்ல மெல்லப் பிரித்தபோது, பொருக்கு துணியோடு வந்தது. நடுப் பாய்மரம் இருந்த இடத்தில் மஞ்சளாகச் சீழ். சுற்றிலும் தோல் பளபளவென்று வீங்கி, சிவப்பு முழங்கையை நோக்கி ஏறியிருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தால் கொதித்தது.

கப்பலில் மருந்துப் பெட்டி செகண்ட் ஆபீசர் பொறுப்பு. அவர் பேனா எடுத்துச் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, நேரத்தையும் தோலிலேயே எழுதினார். கோட்டைத் தாண்டிச் சிவப்பு பரவுகிறதா என்று பார்ப்பதற்கு. இதைப் படிக்கும் எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டிய காரியம் அது. கேப்டன் செயற்கைக்கோள் தொலைபேசியில் கரையில் இருந்த மருத்துவரோடு பேசினார். ஆன்டிபயாடிக் தொடங்கியது. அன்று இரவு காய்ச்சல் வந்து பல் கிட்டித்துக் கிடந்தான். அருகில் துறைமுகம் இல்லை. ஹெலிகாப்டர் எட்டாத கடல். அவன் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி அவன் கேபினில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் சிவப்பு கோட்டுக்குள் திரும்பியது. கை தப்பியது. படம் தப்பவில்லை, நடுப் பாய்மரம் இன்றும் தடித்த தழும்பாக இருக்கும். அவன் டெக் வேலைக்குத் திரும்பும் வரை அவன் வேலையை மற்றவர்கள் பகிர்ந்து பார்த்தோம். குறைந்த ஆட்களோடு ஓடும் கப்பலில் ஒருவன் படுத்தால் மற்றவர்களின் ஓய்வு நேரம்தான் போகிறது. இதையும் யோசிக்க வேண்டும்.

புதிதாகக் குத்திய பச்சை என்பது ஊசி ஆயிரக்கணக்கான முறை துளைத்த திறந்த புண். மேல்தோல் ஆறவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அதுவரை வெயில் படக் கூடாது, ஊறும்படி நனையக் கூடாது, உரசக் கூடாது, எண்ணெயும் துருத்தூளும் அண்டக் கூடாது. டெக்கில் இவற்றில் எதைத் தவிர்க்க முடியும்? இன்ஜின் அறையில்? உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி வாழ்கிறது. காலில் பச்சை குத்தி ஐந்தே நாளில் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய ஒருவர் அந்தக் கிருமி தாக்கி இறந்ததை 2017-இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. அவருக்கு ஏற்கெனவே குடியால் கெட்ட ஈரல். நம் சகாக்களில் எத்தனை பேருக்கு ஈரல் சரியாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆகவே அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

அதனால்தான் விடுமுறையின் முதல் வாரத்தைச் சொல்கிறேன். இறங்கி, வீட்டுக்குப் போய், இரண்டு நாள் தூங்கி எழுந்த பிறகு. அடுத்த சைன்-ஆன் வரும்போது புண் ஆறி, பொருக்கு உதிர்ந்து, தோல் பழகியிருக்கும். மெடிக்கலுக்குப் போகும்போதும் சிக்கல் இருக்காது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள், டெட்டனஸும் அப்படியே. ரத்த தானம் செய்யும் பழக்கம் இருந்தால், பச்சை குத்திய பிறகு சில காலம் எடுக்க மாட்டார்கள். முந்திக்கொண்டு கொடுத்துவிட்டுப் போய்க் குத்துங்கள்.

எங்கே குத்துவது? என் பதில்: அரைக்கைச் சட்டை மறைக்கும் இடம். மேல்கை, தோள், மார்பு. முகம், கழுத்து, கை விரல்களில் பச்சை இருப்பவர்களைத் தயங்கிப் பார்க்கும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. பயணிகள் கப்பலில் இந்தக் கண்டிப்பு அதிகம். இந்தியக் கடற்படைக்குப் போக நினைக்கும் தம்பிகள் இன்னும் கவனம். முன்கையின் உட்புறமும் புறங்கையும்தான் அங்கே அனுமதி, நான் சொல்லும் மேல்கை அங்கே உதவாது. ஆகவே தேர்வு முடியும் வரை தொடாமல் இருப்பதே நல்லது. ஜப்பான் துறைமுகங்களில் பொதுக் குளியல் விடுதிகள் பல, பச்சை இருந்தால் உள்ளே விடுவதில்லை. சிங்கப்பூரிலும் மூத்த தலைமுறைக்குப் பச்சை என்றாலே ரகசியக் கும்பல்கள்தான் நினைவுக்கு வரும். தோள் முழுக்க டிராகன் என்றால் கேட்கவே வேண்டாம். சீனக் கடலில் சர்வீஸ் பார்த்தவனின் அடையாளம் அது என்று நீங்கள் எம்ஆர்டி ரயிலில் எதிரில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடல்துறை படித்துவிட்டு கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாகப் போகும் நம் பிள்ளைகளுக்கு இதைக் கூடுதலாகச் சொல்வேன். கப்பலைவிட்டுக் கரையில் ஒரு நாள் வேலை தேடத்தான் போகிறீர்கள். அன்றும் சட்டைக் கை உங்களுக்குத் துணையாக இருக்கட்டும்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீடுகளுக்குப் பச்சை புதிதல்ல. என் அப்பத்தாவின் முன்கையில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை கோலம் இருந்தது. ஊருக்கு வரும் குறத்தியிடம் தானியம் கொடுத்துக் குத்திக்கொண்டது. சாகும்போது நகையைக் கழற்றிவிடுவார்கள், பச்சை மட்டும்தான் கூட வரும் என்பாள். பிள்ளை கையில் நங்கூரத்தைப் பார்த்து அம்மா அழுதால், அப்பத்தாவின் கையை நினைவூட்டலாம். ஆனால் செய்துவிட்டு வந்து காட்டுவதைவிட முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவியிடம் படத்தைக் காட்டிவிட்டுத்தான் போனேன். நங்கூரத்தின் அளவைக் குறைக்கச் சொன்னது அவர்தான், அவர் சொன்னதுதான் சரி.

நம் நிறத்துக்கு ஏற்றபடி குத்துவது தனி விஷயம். மாநிறத்திலும் கறுப்பிலும் மஞ்சளும் வெளிர் நிறங்களும் எடுபடாது. கறுப்பு மைதான் நிற்கும். கோடு தடிமனாகவும் கோட்டுக்குக் கோடு இடைவெளி தாராளமாகவும் இருக்க வேண்டும். வருடங்கள் போகப் போக மை தோலுக்குள் பரவும். முடிபோல் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஹொனலுலுவில் கடற்படையினருக்குப் பச்சை குத்திப் பெயர் பெற்ற நார்மன் காலின்ஸ் போன்றவர்களின் பாணி தடித்த கறுப்புக் கோடாக இருந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. வெயிலில் வேலை செய்பவன் தோலில் அதுதான் படிக்கும்படி இருக்கும். உங்களுக்கோ உங்கள் வீட்டிலோ காயம் ஆறும்போது தழும்பு தடித்து மேலெழும் உடல்வாகு இருந்தால் குத்தவே வேண்டாம். நம் நிறத்தவர்களுக்கு அது அதிகமாக வருவது. பிடிக்காவிட்டால் லேசரில் அழித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் வேண்டாம். பல தடவை போக வேண்டும், செலவு அதிகம், கறுப்புத் தோலில் நிறம் வெளுத்துத் திட்டாகவும் வாய்ப்பு உண்டு.

சிங்கப்பூரில் குத்துபவர்கள் பலர் ஸ்காட்ஸ் ரோட்டில் இருக்கும் ஃபார் ஈஸ்ட் பிளாசாவுக்குப் போகிறார்கள். அங்கே மாடிக்கு மாடி கடைகள். எந்தக் கடையானாலும் முதல் நாள் சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். ஊசியை உங்கள் கண்முன்னே முத்திரை இட்ட உறையிலிருந்து பிரிக்கிறாரா? மையை பாட்டிலிலிருந்து சின்னக் குப்பிகளில் ஊற்றி, மிச்சத்தைக் கொட்டிவிடுகிறாரா? போன் வந்தால் கையுறையைக் கழற்றிவிட்டு எடுக்கிறாரா, திரும்பி வந்து புதிது போடுகிறாரா? கடலில் நாம் பிறர் வேலையைப் பார்த்தே ஆளை எடை போடுகிறவர்கள். அந்தக் கண்ணோடு பாருங்கள். ஆறும் வரை என்ன செய்ய வேண்டும் என்பதை அவராகவே சொல்ல வேண்டும். நீங்கள் கேட்ட பிறகும் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாகப் படம். கடைக்காரர் நல்ல ஓவியராக இருக்கலாம். கப்பலில் ஓடியவர் அல்ல. கடைச் சுவரில் மாட்டியிருக்கும் பாய்மரக் கப்பல் படங்களில் பாதியைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறாது. பாய்கள் பின்காற்று வாங்கி முன்னால் புடைத்திருக்கும். உச்சியில் கொடி மட்டும் பின்பக்கம் பறக்கும். பின்னாலிருந்து அடிக்கும் காற்றில் கொடி முன்பக்கம்தானே பறக்க வேண்டும்? நங்கூரத்தில் குறுக்குத் தண்டைக் கொக்கிகள் இருக்கும் தளத்திலேயே வரைந்துவிடுவார்கள். பழைய மாதிரி நங்கூரத்தில் அது கொக்கிகளுக்குச் செங்குத்தாக நின்றால்தான் ஒரு கொக்கி தரையில் இறங்கும். இல்லாவிட்டால் நங்கூரம் படுத்துக்கொள்ளும், கப்பல் இழுபடும். படத்தில் தண்டு சற்றே சாய்ந்து தெரிந்தால் போதும், வரைந்தவருக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துகொள்ளலாம். மணிக்கட்டுக் கயிற்றின் முறுக்கு ஓரிடத்தில் வலமாகவும் அடுத்த விரல்கடையில் இடமாகவும் ஓடும். கப்பலில் உங்களோடு ஒரு மேசையில் சாப்பிடும் பழைய அனுபவசாலி ஒருவர் முதல் நாளே இதைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஆகவே விடுமுறைக்கு இறங்கும் முன் கப்பலிலேயே உங்கள் போசனிடமோ சீஃப் ஆபீசரிடமோ உட்கார்ந்து படத்தைச் சரிபாருங்கள். கயிற்றின் துண்டு ஒன்றைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். நங்கூரம் வேண்டுமானால் கப்பலின் முன்முனைத் தளமான ஃபோக்சிலுக்குப் போய் உங்கள் கப்பலின் நங்கூரத்தையே படம் பிடியுங்கள். இன்றைய கப்பல்களில் குறுக்குத் தண்டு இல்லாத நங்கூரம்தான், அதையே குத்தினாலும் ஒன்றும் குறைவில்லை. நீங்கள் பார்த்து இறக்கியதும் தூக்கியதும் அதைத்தானே. அந்தப் படங்களை ஓவியரிடம் கொடுத்து, ஸ்டென்சிலைத் தோலில் ஒட்டியவுடன் கண்ணாடியில் பாருங்கள். கையைத் தொங்கவிட்டு ஒரு முறை, கயிறு இழுப்பதுபோல் மடக்கி ஒரு முறை. கோணலாக இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லத் தயங்காதீர்கள். நல்ல கைகாரர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.